ஊதா டார்ச்சும் என் அத்தானும்

என் அத்தானை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடே அதுதான். ஒரே ஒரு தடவை யாராவது அவரை நன்றாக ஏமாற்றியிருந்தால், என்னதான் உஷாராக இருந்தாலும் ஏமாறத்தான் செய்வோம் என்று மனிதர் கொஞ்சம் அடங்கியிருப்பார். ஏமாறவே இல்லையா, 'பாத்தியா, நான் கண்ணை முழிச்சிக்கிட்டு இருக்கிறதாலதான்' என்று அந்தச் சந்தேகம் வருஷத்துக்கு வருஷம் கொழுத்துக்கொண்டே வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் வாசல் சோதனை பார்க்கிறார். வெளியே போகிற லாரியை நிறுத்தி, தார்ப்பாயைத் தூக்கி, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்து அனுப்ப வேண்டும். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேனர். அந்த வேலைக்கு அது லட்சணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மனிதர் அந்தக் கண்ணையும் சேர்த்து மாட்ட வேண்டாமா? டாக்டர் ஊசி போட்டால் காலிக் குப்பியை வாங்கித் தேதி பார்ப்பார். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டார், பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால் அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வராது.

நான் கார் ஏசி மெக்கானிக். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, 'எங்கயாவது கத்துக்கடா, கையில ஒரு தொழில் இருந்தா யார் வாசல்லயும் நிக்க வேணாம்' என்று என்னை இந்த வேலையில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அக்காதான். அவளைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை. அவளுக்கும் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான்.

அவளுக்குக் கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன தம்பி, போன வாரம்தானே வந்துட்டுப் போன?" என்றார் அத்தான். இன்னொரு நாள் நான் கிளம்பிய பிறகு அக்காவிடம், "உன் தம்பி என்ன கேட்டான்?" என்று விசாரித்தாராம். நான் எதுவும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? போவதைக் குறைத்தேன், அப்புறம் நிறுத்தியே விட்டேன். போனில் பேசலாமென்றால், அக்கா ஹலோ சொன்ன உடனே அவர் வந்து பக்கத்தில் எதையோ தேடுவதுபோல் நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவோம்.

அப்போதுதான் அத்தான் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். காரைப் பார்த்ததைவிட அதை விற்றவரின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். வாங்கின கொஞ்ச நாளில் அதன் ஏசி படுத்துவிட்டது. வெளி மெக்கானிக்கை அவர் நம்புவாரா? என்னையும் நம்பவில்லைதான். ஆனாலும், "ஏமாத்தினாலும் இவன் எங்க ஓடிடப் போறான், வீடு தெரியும்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். எந்த வாயால் கூப்பிட்டால் என்ன, கூப்பிட்டாரே. நான் பறந்துகொண்டு போனேன்.

போனெட்டைத் திறந்து நான் வேலை பார்க்க, அக்கா பக்கத்திலேயே நின்றுகொள்வாள். "இது என்னடா? அது எங்கடா போகுது? ஏன் இந்தப் பைப் மட்டும் வேர்க்குது?" என்று ஓயாமல் கேள்வி. ஒன்றிலும் அவளுக்கு அக்கறை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தான் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்குப் பேச வேறு விஷயம் ஏது? கம்ப்ரசரைப் பற்றிப் பேசிக்கொண்டே அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்வாள். ஏன் இளைத்துவிட்டாய் என்று கண்ணாலேயே கேட்பாள்.

அந்த ஏசி மறுபடி மறுபடி கெட்டது. அங்கேதான் எனக்கு இடித்தது. என் தொழிலில் நான் ஒன்றும் சோடை இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை. நைட்ரஜன் ஏற்றி வைத்துப் பார்த்தேன். அழுத்த மானியின் முள் அசையவே இல்லை. கேஸைப் போட்டுவிட்டு வந்தால், கொஞ்ச நாளில் போன் வந்துவிடும், குளிர்ச்சி இல்லை என்று. போய்ப் பார்த்தால் பாதி கேஸ் உள்ளேயே இருக்கும். ஓட்டை என்றால் பாதியில் நின்றுவிடுமா என்ன? காலியாகும் வரை போய்க்கொண்டேதானே இருக்கும்? அப்போதே எனக்குத் தெரிந்துபோனது, இது ஓட்டையின் வேலை இல்லை, யாரோ ஒருவரின் கை வேலை என்று.

யார் கை? நான் சந்தேகப்பட்டது அத்தானைத்தான். என்னைத் திருடன் என்று நிரூபிக்க அவரே கேஸைத் திறந்து விடுகிறார் என்று நினைத்தேன். சந்தேகம் தொற்று வியாதி போலிருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்வந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் வேலை பார்க்கும்போது அவர் என் கையைக் கவனிப்பார், நான் ஓரக்கண்ணால் அவர் கையைக் கவனிப்பேன்.

ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டார். "தம்பி, மறைக்காமச் சொல்லு. நீயே எங்கயோ ஒரு கசிவு விட்டு வைக்கிற, இல்ல?"

"நான் எதுக்கு அத்தான் அப்படிப் பண்ணப் போறேன்? உங்ககிட்ட நான் காசா வாங்குறேன்?"

"அதுதான் எனக்கு இடிக்குது. காசு வாங்காம ஒருத்தன் எதுக்குத் திரும்பத் திரும்ப வரான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். அக்கா வாசலில் நின்றாள். அவள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த தடவை ஏசி கெட்டபோது எனக்குப் போன் வரவில்லை. அத்தான் தானே களத்தில் இறங்கிவிட்டார். இதையெல்லாம் பிறகு அவரே பெருமையாக என்னிடம் சொன்னார். போனில் வீடியோக்களைப் பார்த்துப் படித்திருக்கிறார். அதில் பேசுகிறவர்களையும் நம்பாமல், பல பேரைப் பார்த்து, எல்லோரும் ஒத்துச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டாராம். கேஸ் டப்பா, மானி வைத்த குழாய், கையுறை எல்லாம் வாங்கிவந்து, அக்காவின் சமையலறைத் தராசில் டப்பாவை நிறுத்துப் பார்த்திருக்கிறார். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, கதவுகளைத் திறந்துபோட்டு, குழாயைக் கேஸ் ஏற்றும் சரியான வாயில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுபடி டப்பாவை எடை பார்த்து, போதும் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னிடம் வேலைக்கு வந்த எத்தனையோ பேர் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

அன்று அக்கா போன் பண்ணினாள். "அவரே சரி பண்ணிட்டார்டா. உள்ள உக்காந்தா நடுங்குது" என்றாள். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற குரல் இல்லை அது. "இனிமே உன்னைக் கூப்பிட வேணாமாம். அவரே பாத்துக்குவாராம்."

"நல்லதுதானேக்கா" என்றேன். போனை வைத்துவிட்டு, எதிரே இருந்த வண்டியில் கைவைக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்குள் போக எனக்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. ஒரு கேஸ் டப்பாவை வைத்து என் அக்காவை என்னிடமிருந்து பிரித்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

ஆனால் அத்தான் அக்காவிடம் சொல்லாத ஒன்று இருந்தது. கேஸோடு சேர்த்துக் கொஞ்சம் சாயமும் உள்ளே ஏற்றியிருந்தார். நாங்களும் அதைப் பயன்படுத்துவதுண்டு. கேஸ் எங்கே கசிகிறதோ அங்கே அந்தச் சாயமும் வந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெளிச்சத்தில் எண்ணெய்க் கறை போலத்தான் தெரியும். ஊதா டார்ச் அடித்து, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒளிரும். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் விரித்த வலை அது. அக்கா என் கட்சி என்பதால் அவளிடம் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் அவரிடமிருந்தே போன் வந்தது. "மறுபடி போயிடுச்சு. வா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்."

போனேன். மத்தியானம். வண்டி வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. போனெட்டைத் திறந்து, வெளிச்சம் வராதபடி அதன் மேல் வண்டியின் உறையை இழுத்துப் போட்டிருந்தார். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் டார்ச்சோடு நின்றார். எனக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தார்.

"நீ எதையும் தொடாத. பாக்க மட்டும் செய். நீ போட்ட இணைப்புல பச்சை தெரிஞ்சா, இனிமே நீ இந்தப் படி ஏறக் கூடாது. சரியா?"

சமையலறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்தது. உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"தெரியலைன்னா?" என்றேன்.

"அதை அப்ப பாப்போம்."

இரண்டு பேரும் உறைக்கு உள்ளே தலையை நுழைத்தோம். புழுக்கம், எண்ணெய் வாசனை, அவர் மூச்சு என் கன்னத்தில். ஊதா வெளிச்சம் ஒவ்வொரு இணைப்பாக ஊர்ந்தது. நான் மாற்றிய பைப் இருட்டாக இருந்தது. கம்ப்ரசரும் கண்டென்சரும் அப்படியே. எனக்கு மூச்சு வந்தது. அத்தானுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் கேஸ் ஏற்றும் வாயின் சின்ன மூடி மேல் வெளிச்சம் விழுந்தது. பச்சை. மூடியில், அதன் பக்கத்தில், போனெட்டின் அடிப்பக்கம் வரை பொட்டுப் பொட்டாகப் பச்சை தெறித்திருந்தது.

தானாகக் கசிந்திருந்தால் மூடிக்குள்ளேயே தங்கியிருக்கும். இது மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசியை யாரோ அமுக்கியபோது சீறித் தெறித்தது. பக்கத்துப் பைப்பில் ஒரு கட்டை விரல் அச்சுகூடப் பதிந்திருந்தது.

அத்தானும் அதைப் பார்த்துவிட்டார். "கை" என்றார் மெதுவாக. "உன் கையைக் காட்டு."

காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"இப்ப உங்க கையைக் காட்டுங்க அத்தான்."

"என் கையையா?" அவருக்கு முகம் மாறிவிட்டது. தன் கையில் தானே அடித்துப் பார்த்தார். நக இடுக்கில் லேசாகப் பச்சை. "இது அன்னிக்கு நான் கேஸ் ஏத்தினப்ப ஒட்டினது" என்றார் அவசரமாக.

"நானும் நம்பணும், இல்ல?" என்றேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? இத்தனை நாள் நான் நினைத்தது சரி, இந்த மனிதர்தான், மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அப்போது உறையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கை உள்ளே வந்தது. அக்காவின் கை, டீ டம்ளரோடு. "ரெண்டு பேரும் வியர்த்துக் கொட்டுறீங்க, இந்தாங்க" என்று வெளியிலிருந்து அவள் குரல்.

டார்ச் அத்தானின் கையில் எரிந்தபடியே இருந்தது. அக்காவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பச்சையாக எரிந்தன. மணிக்கட்டில், வளையலுக்கு அடியில், ஒரு கோடு.

ஏன் இந்தப் பைப் வேர்க்கிறது, இந்தச் சின்ன மூடி எதுக்கு என்று அவள் கேட்டபோதெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஊசியை அமுக்கினால் கேஸ் போய்விடும் என்பதையும் சொல்லியிருந்தேன். பாதியில் நின்றது ஏன் என்றும் இப்போது புரிந்தது. சீறுகிற சத்தத்துக்குப் பயந்து விட்டுவிடுவாள்.

அத்தான் அந்த விரல்களைப் பார்த்தபடியே நின்றார். ஊரில் ஒருவரையும் நம்பாதவர், அக்கா போட்டுக் கொடுக்கிற சோற்றை மட்டும் கிளறிப் பார்க்காமல் சாப்பிடுவார். அவளையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள்? எனக்கு அதுதான் பயம்.

"மஞ்சள் தூள் அத்தான்" என்றேன். "மஞ்சளும் இந்த லைட்டுல இப்படித்தான் மின்னும். சமைச்ச கை."

அவர் டம்ளரை வாங்கவில்லை. உறையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, டார்ச்சும் கையுமாக நேரே சமையலறைக்குப் போனார். மஞ்சள் டப்பாவைத் திறந்து மேடைக்கு அடியில் இருட்டில் வைத்து அடித்தார். நான் சொன்னது பொய் இல்லை. மஞ்சள் தூள் பச்சை கலந்து மின்னத்தான் செய்தது. மனிதருக்கு உயிர் திரும்பி வந்ததை ஜன்னல் வழியாக நான் கண்ணால் பார்த்தேன். டப்பாவோடு வெளியே வந்தார்.

"சரி, மஞ்சள்தான்" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "அப்படின்னா நீதான். நான் வேலைக்குப் போன நேரம் பாத்து வந்து திறந்து விட்டிருக்க. கையை நல்லாக் கழுவிட்டும் வந்திருக்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் அந்த டார்ச் மறுபடி எரியும், அடுத்து எங்கே அடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவரையும் பார்க்காமல் அக்காவையும் பார்க்காமல், "ஆமா" என்றேன். "நான்தான் வந்தேன். தப்புதான்."

"ஏன் பண்ண?"

வாய்க்கு வந்தது எதுவும் பொருந்தவில்லை. "தோணுச்சு" என்றேன்.

அத்தான் ஜெயித்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தேடிய திருடனைப் பிடித்துவிட்டார். "அப்ப கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார்.

என் டூல்ஸ் பெட்டியைத் தூக்கினேன். அக்கா டம்ளரைப் போனெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மஞ்சள் இல்லைங்க" என்றாள். "இன்னிக்கு நான் மஞ்சளே போடல. அது என்ன லைட்டுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மூடியைத் திறந்தது நான். எப்பவும் நான்தான்."

"அக்கா, சும்மா இரு."

"நீ பேசாதடா. உனக்குப் பொய் சொல்லவும் வராது. தோணுச்சாம்."

அத்தான் மஞ்சள் டப்பாவைப் பிடித்தபடி நின்றார். "நீயா?" என்றார். "எதுக்கு?"

"கெட்டுப்போனாத்தானே இவன் வரான்."

"கூப்பிட்டா வர மாட்டானா?"

"நான் கூப்பிட்டா, எதுக்குக் கூப்பிட்டன்னு கேப்பீங்க. அவனா வந்தா, எதுக்கு வந்தான்னு கேப்பீங்க. ஏசி கெட்டுப்போச்சுன்னா மட்டும்தான் எதுவும் கேக்க மாட்டீங்க." அவள் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். "நீங்களே கேஸ் போட்டுட்டீங்க. இனிமே அவன் வரவே மாட்டான்னு தோணுச்சு. நீங்க போட்டதும் போச்சுன்னா, என் தம்பி மேல தப்பு இல்லன்னாவது உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். எனக்கு இவனைப் பாக்கணும், அவ்வளவுதான்."

அத்தான் எந்தப் பதிலுக்கும் ஒரு மறுகேள்வி வைத்திருப்பவர். லாரிக்காரர்கள் அதற்குத்தான் நடுங்குவார்கள். அன்றைக்கு அவர் டார்ச்சை அணைத்தார். அக்கா அவர் கையிலிருந்து மஞ்சள் டப்பாவை வாங்கிக்கொண்டு, "அடுப்புல வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

"உன் வண்டியில கேஸ் இருக்கா?" என்றார் என்னிடம்.

"இருக்கு."

"போட்டுடு."

போட்டேன். அவர் நாற்காலி போட்டு எதிரே உட்காரவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார். முதுகில் அந்தக் கண் இல்லாமல் அந்த வண்டியில் நான் வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான்தான் அடிக்கொரு தரம் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக் குரலே கேட்கவில்லை. என்ன நடக்கிறதோ, அவளை என்ன கேட்கிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள், அவர் சமையலறை வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

வேலை முடிந்து நான் கிளம்பும்போது வெளியே வந்தார். காரில் ஏறி உட்காரவில்லை, குளிர்கிறதா என்று கைவைத்துப் பார்க்கவில்லை. என் வண்டி வரைக்கும் கூடவே நடந்துவந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

"ஏன் அத்தான், அதுக்குள்ள மறுபடி கேஸ் போயிடும்கிறீங்களா?"

"போகாது." என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "வரும்போது அதை எடுத்துட்டு வராத."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். என்ன திட்டம் வைத்திருக்கிறார், வரவழைத்து என்ன கேட்கப் போகிறார் என்று எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன். கதவைத் திறந்தது அத்தான்தான். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "உன் தம்பி வந்திருக்கான்" என்றார்.